ஏழாம் மனிதச் சந்திப்பு

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வாயை மூட வேண்டியதுதானே—"

"கேட்டாங்க, சொன்னேன். பொய்யா சொல்லச்—"

"—ஊர் உலகத்துல யாராவது அந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்வாங்களா? போயும் போயும் முதுகு வலின்னு—"

"வலிச்சுதே."

"வலிக்கட்டுமே. வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லுங்க, தைலம் தேய்ச்சு விடறேன். பேங்க்ல போயா சொல்வாங்க?"

"அந்தம்மா எவ்வளவு அன்பா கேட்டாங்க தெரியுமா. முகத்தைப் பார்த்துக் கேட்டாங்க. அப்படி என்னை யாரு கேட்டிருக்கா?"

"நான் கேக்கறதில்லையா?"

"நீ கேக்கறப்போ கையில கரண்டி இருக்கும்."

இந்தப் பேச்சு நடந்த இடம் வங்கியின் காத்திருப்பு அறை. அங்கே போட்டிருந்த சோபா, உட்கார்ந்தவர் பிறர் உதவியில்லாமல் எழுந்திருக்க முடியாத அளவுக்கு மெத்தென்று இருந்தது. எதிர்ச்சுவரில் ஆள் உயர எழுத்தில் ஒரே ஒரு வாக்கியம்: "இங்கே உங்களோடு பேசுவது மனிதர்கள்."

கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். மனைவி ஒரு தையல்கூடத்தில் பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் வைப்பவர். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். மெக்கானிக்கின் சட்டைப் பையில் ஒரு மருத்துவச் சான்றிதழ் இருந்தது. முதல் சந்திப்பில் அவர் முதுகு வலி என்று சொன்னதை வங்கி அக்கறையோடு குறித்துக்கொண்டது. இரண்டாம் சந்திப்பில், முதுகு வலிக்கிறவர் எப்படி இருபது வருடம் கடன் கட்டுவார் என்று கவலைப்பட்டது. அதற்காக வாங்கிய சான்றிதழ். எழுதிக் கொடுத்த டாக்டர், ஒற்றைக் கதவா இரட்டைக் கதவா என்று கேட்டு, "இரட்டைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டி வரை இவரால் தூக்க முடியும்" என்று கையெழுத்துப் போட்டிருந்தார்.

மற்ற வங்கிகளில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. போனில் விவரத்தைத் தட்டினால் போதும், ஆம் இல்லை என்று வந்துவிடும். அதற்குத்தான் மெக்கானிக் பயந்தார். வெயில் காலத்தில் அவருக்குச் சாப்பிட நேரமிருக்காது. குளிர் வந்துவிட்டால் ஊரில் ஒரு ஃபிரிட்ஜும் கெட்டுப் போகாது. "மிஷினுக்கு நம்ம பொழப்பு புரியாதும்மா. மனுஷங்க இருக்கற இடமாப் பார்த்துப் போவோம்" என்று சொல்லி இந்த வங்கிக்கு அழைத்து வந்தவர் அவர்தான். மனைவியால் அதை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அவர்கள் வாங்க நினைத்தது வேறு எந்த வீட்டையும் அல்ல, பதினொரு வருடமாகக் குடியிருக்கும் அதே வாடகை வீட்டைத்தான். வீட்டுக்காரர் விற்கப் போகிறார். உங்களுக்குத்தான் முதல் உரிமை, ஆனால் மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் வங்கிக் கடிதம் கையில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வேறு வீடு கிடைக்காமலா போகும் என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் மெக்கானிக்கின் அப்பாவுக்குக் கண் தெரியாது. ஆறு வருடம் முன்பு பார்வை போனது. அதற்குள் அந்த வீடு அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. கட்டிலிலிருந்து குளியலறைக்கு யாரும் கைபிடிக்க வேண்டாம். அடுப்படியில் சர்க்கரை டப்பா எது, டீத்தூள் டப்பா எது என்று தேட வேண்டாம். வாசல் மணி அடித்தால் மகனுக்கு முன்னால் அவர்தான் போய்க் கதவைத் திறப்பார். வீடு மாறும் பேச்சு வந்தபோது அவர் ஒன்றுதான் சொன்னார்: "வேற வீட்டுக்குப் போனா நான் ஒரு சாமான்டா. எங்கே இறக்கி வெக்கறீங்களோ அங்கேயே இருப்பேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் சந்திப்புக்கு அழைப்பு வந்தது.

மனித உறவு அதிகாரி என்பது அந்த அம்மாவின் பதவி. நாற்பது வயதிருக்கும், கண்களில் எப்போதும் லேசான ஈரம். மேசையில் ஒரு பூச்சாடி, கண் துடைக்கக் காகிதக் கைக்குட்டை, ஒரு சின்னக் கடிகாரம். வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் கடிகாரத்தின் தலையில் தட்டுவார், அது ஓட ஆரம்பிக்கும். வாடிக்கையாளர் தண்ணீர் குடிக்க எழுந்தால் நிறுத்திவிடுவார்.

"நீங்க எதிர்ல இல்லாத நேரத்தை மனித நிமிஷமா எழுத மாட்டேன் சார். அது நேர்மை இல்லை" என்றார் அதிகாரி. பிறகு சான்றிதழை இரண்டு முறை படித்தார். "இரட்டைக் கதவு. கேக்கவே சந்தோஷமா இருக்கு. பாருங்க, மிஷினுக்கு உங்க முதுகு வலி தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எனக்குத் தெரியும். தெரிஞ்சதனாலதான் பத்து நாள் நிறுத்தி வெச்சேன்."

"ரொம்ப நன்றிங்க" என்றார் மெக்கானிக். மனைவி மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார்.

"இப்போ சும்மா மனசு விட்டுப் பேசலாம். இந்த வீட்டை வாங்கலாம்னு முதல்ல யாருக்குத் தோணிச்சு?"

"எனக்குத்தான்" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

அதிகாரியின் பேனா நின்றது.

"இல்லைங்க, இவதான்" என்றார் மெக்கானிக்.

"இல்ல மேடம், அவர்தான். நான் ஒண்ணும் சொல்லலை" என்றார் மனைவி.

அதிகாரி வருத்தத்தோடு ஒரு கட்டத்தில் எழுதினார்: குடும்பத்தில் ஒருமித்த கருத்து இல்லை.

"பயப்படாதீங்க. சின்ன விஷயம். வீட்டைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் ஒரு கடிதம் எழுதிட்டு வாங்க. கைப்பட. உணர்ச்சியோட."

"மேடம், நாள் ரொம்பக் கம்மியா இருக்கு. வீட்டுக்காரர் கெடு வெச்சிருக்கார்."

"அவர் அவசரப்படறார் அம்மா. அவருக்கு வீடுன்னா செங்கல். எங்களுக்கு அப்படி இல்லை."

அன்று சாயங்காலம் மெக்கானிக் நான்கு வரி எழுதினார். "அன்புள்ள மனைவிக்கு, வீடு நல்ல வீடு. மேற்கு வெயில் உள்ளே வராது. ஒயரிங் பழசு, மாற்றிக்கொள்ளலாம். உன் விருப்பம்." மனைவி இரண்டு பக்கம் எழுதினார். அதில் வீட்டைப் பற்றிக் கடைசி வரிதான் இருந்தது. மற்றதெல்லாம் கல்யாணமான வருடத்திலிருந்து ஆரம்பித்திருந்தது. அதிகாரி இரண்டையும் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனைவியின் கடிதத்தை 'வாடிக்கையாளர் மனக்குறைகள்' என்ற தனிக் கோப்பில் சேர்த்தார். அந்தக் கோப்புக்குப் பதில் எழுதி முடிக்கும் வரை நான்காம் சந்திப்பு ஐந்து நாள் தள்ளிப்போனது.

"அந்த வருஷத்துக் கதையை எல்லாம் இப்ப யாரு எழுதச் சொன்னா?"

"உணர்ச்சியோட எழுதுன்னாங்க. எனக்கு வந்த உணர்ச்சி அதுதான்."

"ஒரு வரி எனக்காகப் பொய் எழுதியிருக்கக் கூடாதா?"

"முதுகு வலிக்கு நீங்க சொல்லியிருக்கலாமே ஒரு பொய்."

நான்காம் சந்திப்பு, வீட்டில். காலை பதினொரு மணிக்கு மணி அடித்தது. அப்பாதான் போய்த் திறந்தார்.

"புதுக் காலடியா இருக்கே. பேங்க்லேர்ந்துதானே?"

"ஆமா ஐயா. எப்படித் தெரிஞ்சுது?"

"வாசல்ல நின்னு ரொம்ப நேரம் எழுதினீங்களே, பேனா சத்தம் கேட்டுது. உள்ளே வாங்க. ரெண்டடி வெச்சா இடது பக்கம் நாற்காலி. காத்தாடி பொத்தான் அதுக்கு மேல."

அதிகாரி உட்கார்ந்து கடிகாரத்தைத் தட்டினார். அப்பா தானே அடுப்படிக்குப் போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். தட்டில் மூன்று டம்ளர், ஒரு சொட்டுக் கூடச் சிந்தவில்லை. அதிகாரி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையெல்லாம் ஒரு மிஷின் பார்க்குமா? சொல்லுங்க" என்றார்.

மெக்கானிக்குக்கும் மனசு இளகிவிட்டது. மனைவியைப் பார்த்து, நான் சொன்னேனே என்பது போலத் தலையை ஆட்டினார். மனைவிக்கும் அந்த ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்து அதிகாரி வீட்டைப் படமெடுத்தார். அந்தப் படத்துக்கு வங்கியில் மனிதச் சூழல் படம் என்று பெயர். ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலி இருந்தால் ஒரு குடும்பப் பாங்கு வரும் என்று தோன்றியது. தூக்கி நடையில் போட்டார், எடுத்தார், படம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

டம்ளர்கள் உருண்டு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. அப்பா தரையிலிருந்தபடியே கையை நீட்டி நாற்காலியின் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"பதினோரு வருஷமா இந்த நாற்காலி இங்கே வந்ததில்லையே" என்றார்.

அதிகாரி துடித்துப் போனார். அப்பாவின் முழங்காலில் வழிந்த ரத்தத்தைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தார். மருந்தும் அவரே போட்டார். போகும்போது, வாசலில் நின்று, மறுபடி எழுதினார்.

"என்ன எழுதறீங்க மேடம்?"

"விபத்து வாய்ப்புள்ள வீடு."

"நீங்கதானே மேடம் நகர்த்தினீங்க?"

"ஆமா. அதையும் எழுதியிருக்கேன். நான் எதையும் மறைக்க மாட்டேன். மிஷின்னா இதை எழுதியிருக்குமா?"

"மிஷின்னா வந்தே இருக்காதே" என்றார் மனைவி.

விபத்து வாய்ப்புள்ள வீடு என்று எழுதிவிட்டால் கோப்பு மேலாளரிடம் போக வேண்டும். எனவே ஐந்தாம் சந்திப்பு மேலாளர் அறையில். சுவர் முழுக்கக் கேடயங்கள். நடுநாயகமாக ஒன்று இருந்தது: அதிக மனித நிமிடங்களுக்கான முதல் பரிசு, தொடர்ந்து மூன்றாம் ஆண்டு.

"உக்காருங்க, உக்காருங்க. அப்பாவுக்குக் கால் எப்படி இருக்கு?"

மெக்கானிக் வாயைத் திறந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் மனைவி. "முன்னைவிட நல்லா இருக்கு."

"ரொம்ப சந்தோஷம். எங்க கிளையில ஒரு வீட்டுக் கடனுக்குச் சராசரியா பத்தொன்பது மணி நேரம் நாங்க வாடிக்கையாளரோட உக்கார்றோம். பக்கத்துக் கிளையில வெறும் ஆறு. அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. உள்ளே வர்றாங்க, கடன் வாங்கறாங்க, போயிடறாங்க. பார்க்கவே பாவமா இருக்கும்."

"எங்களுக்கு அந்தப் பாவம் போதும் சார்" என்றார் மெக்கானிக்.

மேலாளர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி தலைமை அலுவலகத்துல ஒரு மிஷின் குடுத்தாங்க. விண்ணப்பத்தைப் போட்டா நாலு நொடியில முடிவு சொல்லிடும். நாலு நொடி. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலை. நான் இருபத்தாறு வருஷமா மூணு மாசம் எடுத்துக்கிட்டுச் சொன்ன பதிலை அது நாலு நொடியில சொல்லுது. அதுவும் பெரும்பாலும் அதே பதில்."

"பெரும்பாலுமா?"

"எப்பவும்" என்றார் மேலாளர், குரலைத் தாழ்த்தி. "அப்புறம் நாங்க எல்லாரும் உக்காந்து யோசிச்சோம். மிஷினால முடியாதது என்ன இருக்கு? தேடித் தேடிப் பார்த்தோம். கடைசியில கிடைச்சுது. அதால ஒருத்தரைக் காத்திருக்க வைக்க முடியாது. அதுக்கு மனுஷன்தான் வேணும். அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் ஏழு சந்திப்புத் திட்டம். இன்னைக்கு நாட்டுலயே முதல் கிளை நாங்க."

மனைவி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"சார், அந்த மிஷின்ல எங்க விண்ணப்பத்தைப் போட்டாச்சா?"

"முதல் நாளே போட்டாச்சு."

"அது என்ன சொல்லிச்சு?"

மேலாளர் அன்போடு சிரித்தார்.

"அதைச் சொல்லிட்டா நீங்க எதுக்கம்மா திரும்பி வரப்போறீங்க?"

வீடு திரும்பும் வழியெல்லாம் இருவரும் அந்தச் சிரிப்பைத்தான் பிரித்துப் பார்த்தார்கள்.

"அது ஆமான்னு சிரிச்ச மாதிரிதான் இருந்துது."

"இல்லேன்னு சொல்றவங்கதான் அப்படிச் சிரிப்பாங்க. எங்க தையல்கூடத்து முதலாளியம்மா சம்பள உயர்வு கேட்டா இதே சிரிப்புத்தான்."

"கன்னத்துல குழி விழுந்துதே."

"முதலாளியம்மாவுக்கும் விழும்."

வீட்டு வாசலில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். ஓய்வு பெற்ற மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். அப்பாவின் கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினார்.

"எனக்கு உங்க மேல பிரியம் இல்லாம இல்லை. ஆனா வீடு கேட்டு இன்னொரு ஆள் ரெண்டு தடவை வந்துட்டார். முழுப் பணமும் கையில வெச்சிருக்கார். இடிச்சுட்டுக் கடை கட்டப் போறாராம். என் பொண்ணுக்கு ஆபரேஷன் தேதி குறிச்சாச்சு, இனிமே என்னால தள்ளிப்போட முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. அதுக்குள்ள கடிதம் வந்துதுன்னா உங்களுக்கு. வரலைன்னா என்னைத் தப்பா நினைக்காதீங்க."

"வந்துடும் சார்" என்றார் மெக்கானிக்.

"மிஷின்ல போட்டிருக்கலாமே தம்பி. அந்த ஆள் மிஷின்லதான் போட்டாராம். டீ ஆறறதுக்குள்ள வந்துடுச்சாம்."

அன்றிலிருந்து மெக்கானிக் வேலைக்குப் போகும் வீடுகளில் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, எதற்குத் திறந்தோம் என்பதை மறந்து நிற்க ஆரம்பித்தார். ஒரு வீட்டு அம்மா, "தம்பி, பால் கெட்டுப் போகுது" என்று சொன்ன பிறகுதான் மூடினார். மனைவி ஒரு டஜன் காலர்களைத் தலைகீழாக வைத்துத் தைத்தார்.

ஆறாம் சந்திப்பு வியாழக்கிழமை மதியம், காத்திருப்பு அறையின் அந்த சோபாவில். இருவரும் இப்போது தேறியிருந்தார்கள்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கோம்."

"தூக்கம்?"

"நல்லா வருது."

"எதிர்காலத்தைப் பத்தி என்ன நினைக்கறீங்க?"

"நல்லா இருக்கும்."

கேள்விகள் ஆறே நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. ஆறாம் சந்திப்பு தொண்ணூறு நிமிடம் இருந்தாக வேண்டும். மூவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருபது நிமிடம் போனது.

"ஏன் மேடம், நீங்களே ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டது மெக்கானிக்தான்.

அதைக் கேட்டதும் அதிகாரி அழுதுவிட்டார். முதல் தடவையாக, வாடிக்கையாளருக்காக வைத்திருந்த காகிதக் கைக்குட்டையை அவரே எடுத்தார்.

"மாசத்துக்கு ரெண்டாயிரம் நிமிஷம் காட்டணும் சார். காட்டலைன்னா என் நாற்காலியை எடுத்துட்டு அந்த இடத்துல மிஷினை வெச்சுடுவாங்க. வீட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான். ரெண்டு பசங்க படிக்குது. ஒருத்தர் சீக்கிரம் பதில் கேட்டா, நல்லவங்களா இருக்காங்களே, சொல்லிடலாமான்னு வாய் வரைக்கும் வரும். உடனே அந்த நாற்காலி ஞாபகம் வரும்."

மனைவி கணவரின் தோளைப் பிடித்து எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். அழுத நேரத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி மெக்கானிக் சொன்னார். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது சரியாக இருக்குமா என்று யோசித்து, சேர்த்துக்கொண்டார்.

தொண்ணூறாவது நிமிடம் மணி அடித்தது.

"எல்லாம் முடிஞ்சுதா மேடம்?"

"முடிஞ்சுது. கடிதம் என் மேசையிலதான் இருக்கு." சொன்ன பிறகு அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

கடிதம் என்ற சொல்லைக் கேட்டு மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டார். அந்த சோபாவிலிருந்து உதவியில்லாமல் எழுந்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"குடுங்க மேடம். இப்பவே குடுங்க."

"நாளைக்கு எங்க கிளையில மனித மதிப்பு விழா. மேலாளர் கையால குடுக்கணும்னு அவருக்கு ஆசை. அதுதான் ஏழாம் சந்திப்பு. மூணு மணிக்கு."

"இன்னைக்குக் குடுங்க. நாளைக்கு வந்து திரும்ப ஒரு தடவை வாங்கிக்கறோம். எத்தனை போட்டோ வேணும்னாலும் எடுத்துக்குங்க" என்றார் மனைவி.

"அது நடிப்பாயிடும்மா. நிஜமான சந்தோஷத்தைத்தான் நாங்க படமெடுப்போம்."

வெள்ளிக்கிழமை. வங்கி முழுக்கத் தோரணம் கட்டி, வாசலில் பன்னீர் தெளித்து, இரண்டு வரிசை நாற்காலி போட்டிருந்தார்கள். மெக்கானிக்கும் மனைவியும் முன்வரிசையில், இஸ்திரி போட்ட உடையில். அப்பாவையும் அழைத்திருந்தார்கள். கால் இன்னும் ஆறவில்லை என்று அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

மூன்று மணி விழா மூன்றரைக்கு ஆரம்பித்தது. மேலாளர் பேசினார்.

"இந்தக் குடும்பத்தைப் பாருங்கள். இவர் முதுகு வலியோடு வந்தார். நாங்கள் அவரை மருத்துவரிடம் அனுப்பினோம். இவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. நாங்கள் கடிதம் எழுத வைத்தோம். இவருடைய தந்தை கீழே விழுந்தார். எங்கள் அதிகாரி தன் கையால் மருந்திட்டார். கேட்கிறேன், இதில் எதை ஒரு மிஷின் செய்திருக்கும்?"

"எதையும் செஞ்சிருக்காது" என்றார் மனைவி. பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

பேச்சு ஐம்பது நிமிடம் நடந்தது. பிறகு மெக்கானிக்கின் கையில் ஒரு பெரிய பூச்செண்டு வந்தது. மனைவியின் கையில் கடிதம் வந்தது. இருவரும் சிரிக்க வேண்டியிருந்தது. முதல் படத்தில் கண் மூடியிருக்கிறது என்று இன்னொன்று எடுத்தார்கள். மணி நான்கு இருபத்தைந்து. வீடு கால் மணி நேரத் தூரம்தான். வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

காலர் தைக்கிறவர் எதையும் ஓரத்திலிருந்துதான் பார்ப்பார். மனைவியின் கண் கடிதத்தின் கீழ் ஓரத்தில் இருந்த பொடி எழுத்துக்குப் போனது. நின்றுவிட்டார்.

"வாம்மா, போகலாம்."

"இருங்க." அவர் விரல் வைத்துப் படித்தார். "முடிவு: ஏற்கப்பட்டது. நேரம்: பத்து பதினாலு. தேதியைப் பாருங்க, நாம முதல் முதல்ல வந்த புதன்கிழமை."

"அன்னைக்கேவா?"

"காரணம்: பதினொரு வருடம் வாடகை ஒரு மாதமும் தவறவில்லை. வெயில் காலத்தில் வருமானம் கூடும், குளிர் காலத்தில் குறையும், ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் போதுமானது." அவர் நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். "உங்க பொழப்பு அதுக்குப் புரிஞ்சிருக்கு."

வாடகையைப் பற்றி ஆறு சந்திப்பில் ஒருவர் கூடக் கேட்கவில்லை.

"அப்புறம் என்ன, ஆமான்னுதானே போட்டிருக்கு? வா, ஆட்டோ நிக்குது" என்றார் மெக்கானிக்.

"இந்த முடிவு முப்பது நாளுக்கு மட்டுமே செல்லும்" என்று படித்து முடித்தார் மனைவி. அப்புறம் விரல் விட்டு எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். "நேத்தோட முடிஞ்சு போச்சு."

அதிகாரி கடிதத்தை வாங்கிப் பார்த்தார். அவரும் எண்ணினார்.

"நேத்து என் மேசையிலதான் இருந்துது" என்றார். கேட்பவர் யாருமில்லாத மாதிரி, மெதுவாக. "நேத்து நல்லாத்தான் இருந்துது."

"மேடம், முதல் நாளே உங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க உள்ளே வந்து உக்காரும்போதே தெரியும். அதனாலதான் உங்களைப் பார்த்துச் சிரிச்சேன்."

"சரி. போகட்டும்" என்றார் மனைவி. ஆச்சரியப்படும் அளவுக்கு நிதானமாக இருந்தது குரல். "திரும்பப் போடுங்க. நாலு நொடிதானே. இப்ப போடுங்க. அதே வீடு, அதே ஆளு, அதே வருமானம். நான் இங்கேயே நிக்கறேன்."

அதிகாரி கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். விவரம் எல்லாம் அதிலேயே இருந்தது, ஒரே ஒரு பொத்தான்தான் பாக்கி. அவர் கையை நீட்டினார். மேலாளர் வந்து அந்தக் கையை மென்மையாகப் பிடித்துக்கொண்டார். அவர் தோளில் இன்னும் விழா மாலை இருந்தது.

"புது விண்ணப்பம்னா முதல் சந்திப்பிலேர்ந்து வரணும். திங்கட்கிழமை காலையில முதல் ஆளா உங்களைக் கூப்பிடறேன். இது என் வாக்கு."

"அஞ்சு மணிக்கு வீடு போயிடும் சார்."

"புரியுதும்மா. எனக்கே நெஞ்சு கனக்குது. எவ்வளவு வேணும்னாலும் உக்காந்து பேசுங்க, நான் கேக்கறேன்."

மெக்கானிக் முன்னால் வந்தார். "பேச வேண்டாம் சார். ஒரு பொத்தான். கையெழுத்து எங்கே வேணும்னாலும் போட்டுத் தர்றேன். பத்தொன்பது மணி நேரம்னாலும் அப்புறம் வந்து உக்கார்றேன், வாரா வாரம் வந்து உக்கார்றேன். அப்பாவையே உங்க கால்ல விழுந்து கேக்கச் சொன்னாலும்—"

"ஏங்க, வேண்டாம்" என்றார் மனைவி.

"விடும்மா. சார், அவருக்கு அந்த வீட்டை விட்டா வேற கண்ணு இல்லை. ஒரு பொத்தான்."

விழாவுக்கு வந்தவர்கள் காலித் தட்டுகளை வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அதிகாரியின் கை இன்னும் மேலாளர் பிடியில்தான் இருந்தது. அதை அவர் விடவும் இல்லை, அதிகாரி இழுத்துக்கொள்ளவும் இல்லை.

"பொத்தானை அழுத்தினாப் போதும்னா," என்றார் மேலாளர் கடைசியில், உண்மையாகவே பதிலைத் தேடுகிறவர் போல, "அப்புறம் நாங்க எதுக்கும்மா?"

மெக்கானிக் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மேலாளர் ஏதோ சொன்னார். திரும்பவும் மெக்கானிக். ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தாகி நான்கு நிமிடம் ஆகியிருந்தபோது மனைவியின் போன் அடித்தது. கணவரின் இரண்டு கையிலும் பூச்செண்டு இருந்ததால் அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்மா, நான்தான்" என்றது அப்பாவின் குரல், குஷியாக. "நல்ல சேதிதான் போலிருக்கு, நீங்க வர்றதுக்குள்ள ஆளே வந்தாச்சு. வீட்டுக்காரர் கூட ஒருத்தர் வந்திருக்கார், நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். டேப் இழுத்து இழுத்து அளக்கற சத்தம் கேக்குது. ரொம்ப மரியாதையாப் பேசறார், கால் எப்படி இருக்குன்னு கூடக் கேட்டார். நம்ம பேங்க் ஆள்தானேம்மா?"